வருத்தம் பார்க்க வந்தவர்கள்

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு வசனத்தின் பாதியை எழுதியாகிவிட்டது. மீதிப் பாதி எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக எழுதி வருகிற வசனம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அதை எழுதி முடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைச்சுற்று இல்லை, நெஞ்சுவலி இல்லை. கையைத் தூக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். கதிரையில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் ஏதோ யோசிக்கிறா என்று பிள்ளைகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தங்களுக்குள் குசுகுசுக்கத் தொடங்கினார்கள். மணி அடிக்கும்வரை நான் அந்தப் பாதி வசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு நாளில் வந்த விஷயமில்லை அது. காலையில் பாடசாலை, பகலில் பரீட்சைப் பொறுப்பு, பின்னேரம் எங்கள் வீட்டு முன் மண்டபத்தில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விசேட வகுப்பு. இதற்கு நடுவில் ஊரில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் டீச்சர், யாருடைய பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்க வேண்டுமென்றாலும் டீச்சர். ஏலாது என்று சொல்ல எனக்கு வராது. நல்ல குணம் என்று இதை நினைத்துக்கொள்ள வேண்டாம். வாய்க்குள் ஒரு வசவு வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றுக்கும் ஓம் என்பேன்.

ஆசிரியர்களின் மன அழுத்தம் பற்றி ஒரு செயலமர்வுகூட வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், இழந்த சக்தியை எப்படி மீட்டுக்கொள்வது என்று திரையில் படம் காட்டிப் பேசினார். நாளுக்கு அரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள், பிடித்ததைச் செய்யுங்கள், கடற்கரையில் நடந்து வாருங்கள் என்றார். நல்ல மனிதர். அவர் என்ன சொன்னார் என்று பாதிதான் எனக்குத் தெரியும், ஏனென்றால் மதியச் சாப்பாட்டுப் பார்சல்களுக்கும் இடைவேளைத் தேநீருக்கும் பொறுப்பாக என்னைத்தான் போட்டிருந்தார்கள். களைப்பைப் பற்றிய கூட்டத்தில் களைத்துப்போய் வீட்டுக்கு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது வேறொன்று.

எனக்கு ஒரே ஒரு மகள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வேறு பாடசாலையில் படிக்கிறாள். பாடசாலை விட்டு வந்ததும் குசினிக்குள் நுழைந்து, அரிசிப் பீப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். சொல்வாள் என்பது சரியில்லை, நடித்துக் காட்டுவாள். வான் சாரதி கோபத்தில் மூக்கால் பேசுவதை, கன்டீனில் வடை விற்கும் பெண் மிச்சக் காசைக் கொடுக்க மனமில்லாமல் இழுப்பதை, விளையாட்டுப் பழக்கும் சேர் விசிலை வாயில் வைத்தபடியே ஏசுவதை. ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். வெங்காயம் உரித்தபடி சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அந்த நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் ஓடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் அவள் அப்படி நடித்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன், பிறகென்ன என்று கேட்க வேண்டிய இடத்தில் "மறுகா?" என்று கேட்டேன். ஆனால் அவளுடைய குரல் பக்கத்து வீட்டு மிக்ஸியின் சத்தம் போலத்தான் காதில் விழுந்தது. எப்போது நிற்கும் என்றிருந்தது. பெற்ற பிள்ளையின் பேச்சு எப்போது நிற்கும் என்று காத்திருப்பதைப் போல ஒரு பயங்கரம் உண்டா? அவள் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"உம்மா, நீங்க கேக்கல்ல."

"கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன் மகள். சேர் ஏசின, மறுகா?"

"நீங்க சிரிக்கிறீங்க, ஆனா கேக்கல்ல."

கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தது அடுத்த கிழமை. வேலை போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் மகளின் அந்த முகம் என்னை விடவில்லை. இது இப்படியே போனால் என் பிள்ளையின் மேல் உள்ள அன்பும் எனக்கு ஒரு வேலையாகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் டொக்டரிடம் போனேன்.

அந்த டொக்டர் பிள்ளை என்னிடம் படித்தவள். இரத்தம், சிறுநீர், இதயம் எல்லாம் பார்த்தாள். எல்லாம் நல்லபடி. பிறகு கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர், ரிப்போட்டில ஒண்டும் இல்ல. ஆனா ஒங்களுக்கு ஒண்டும் இல்ல எண்டு நான் செல்லமாட்டன். நீங்க முடிஞ்சி போயிருக்கீங்க."

"மருந்து?"

"மருந்து இல்ல. ரெண்டு கிழமை லீவு தாறன். சமைக்காதீங்க, ஆக்களோட கதைக்காதீங்க, ஆருக்கும் பதில் செல்லாதீங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் படுங்க. இப்ப படுக்காட்டி மறுகா எழும்புறது கஷ்டம்."

எங்கள் பக்கத்தில் கடலுக்கும் குளத்துக்கும் நடுவே மணலில் தோண்டிய கிணறுகள்தான். வாளியால் அள்ளினால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு மோட்டாரைப் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் அடியிலிருந்து உவர் ஏறி வரும். அப்புறம் கிணற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். எவ்வளவு காலம் என்று யாரும் சொல்ல முடியாது. டொக்டர் பிள்ளை சொன்னது எனக்கு அப்படித்தான் விளங்கியது.

முதல் மூன்று நாளும் நான் வாழ்நாளில் காணாத நாட்கள். நாங்கள் இருப்பது என் உம்மா எனக்குக் கொடுத்த வீடு. அதே வளவில், ஒரு மதிலுக்கு அப்பால் தங்கச்சிக்குக் கொடுத்த வீடு. மதிலில் போய்வர ஒரு சின்ன வாசல் உண்டு. சாப்பாட்டைத் தங்கச்சி அந்த வாசலால் கொண்டு வந்து வைத்துவிட்டு ஒரு சொல் பேசாமல் போனாள். டியூஷன் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார் என் கணவர். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். பாண்காரனின் வண்டிப் பாட்டு தெருவால் போனது. மீன்காரன் கூவிக்கொண்டு போனான். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் மகள் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள், அவள் தலையைத் தடவ வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நானாக நினைத்துத் தடவவில்லை, கை தானாகப் போனது. அவ்வளவு சின்ன விஷயத்துக்கு நான் அழுதேன். திரும்பி வருகிறது, இன்னும் கொஞ்சம் இப்படியே கிடந்தால் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை.

என் கணவருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். அதிகம் பேசாத மனிதர். என்னை அப்படிக் கிடக்கப் பார்த்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தனக்குச் செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்தார். ஜும்ஆவுக்குப் போன இடத்தில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத்தைப் பிடித்து, வீட்டில் சுகமில்லை, ஒரு துஆக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். இதைவிட அன்பான காரியம் எங்கள் ஊரில் ஒரு புருஷன் செய்ய முடியாது. இதைவிடப் பெரிய கெடுதல் எனக்கு ஒருவர் செய்திருக்கவும் முடியாது.

பள்ளிவாசலின் ஒலிபெருக்கி எங்கள் ஜன்னல் வரைக்கும் தெளிவாகக் கேட்கும். தொழுகை முடிந்து துஆ தொடங்கியது. நமது மஹல்லாவில் நீண்ட காலமாகப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வரும் ஒரு சகோதரி கடும் சுகயீனமுற்றிருக்கிறார், அல்லாஹ் அவருக்குப் பூரண ஷிபாவைக் கொடுப்பானாக என்றார் ஹஸ்ரத். யாரோ பாவம், எந்த டீச்சரோ தெரியாது என்று நினைத்து, படுத்தபடியே கையை ஏந்தி நானும் ஆமீன் சொன்னேன். கையை முகத்தில் தடவி இறக்கும்போதுதான் அது நான் என்று விளங்கியது.

அவர் வந்ததும் கேட்டேன்.

"இஞ்சாருங்க, என்னத்தச் சென்னீங்க ஹஸ்ரத்துக்கிட்ட?"

"நான் ஒண்டும் பெருசாச் செல்லல்ல. வீட்ட சுகமில்ல, துஆச் செய்யுங்க எண்டுதான் சென்னன்."

"கடும் எண்டு ஆரு போட்ட?"

"அது அவர் மனசுக்குப் போட்டிருப்பார்."

சரியாகத்தான் சொன்னார். ஹஸ்ரத்தின் நல்ல மனம் ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டது. ஊரின் நல்ல மனம் மிச்சத்தைக் கூட்டிப் போட்டது. பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்பே கேட்டில் முதல் ஓட்டோ நின்றது.

எங்களில் நோயில் கிடக்கும் வருத்தக்காரரைப் போய்ப் பார்ப்பது கடமை. போகாமல் விட்டால் அதை ஆண்டுக் கணக்கில் மனதில் வைத்திருப்பார்கள். வாப்பா ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த நேரம் அவ எட்டியும் பாக்கல்ல என்று நானே எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அதே கடமையின்படி, வந்தவர்களை ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பவும் முடியாது. வருத்தக்காரர் எழுந்து தலையில் ஷாலைப் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்துடன் இருந்து, வருத்தத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சொல்லி முடிக்க அடுத்தவர் வருவார், திரும்பவும் முதலிலிருந்து.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

"என்ன வருத்தம் டீச்சர்?"

"களைப்பு."

"களைப்போ? ரிப்போட்டில என்ன போட்டிரிக்கி?"

"ரிப்போட் எல்லாம் நல்லம்."

"அப்ப இவங்களுக்குப் புடிபடல்ல. கொழும்புக்குக் கொண்டு போகச் செல்லுங்க."

சீனி வருத்தம் என்றிருந்தால் அவர்களுக்கு விளங்கியிருக்கும். பிரஷர் என்றிருந்தால் தங்களுடைய பிரஷரைப் பற்றிச் சொல்லி ஆறுதலாகப் போயிருப்பார்கள். களைப்பு என்பதை ஒரு வருத்தமாக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வயலில் நிற்பவனுக்கும் தறியில் இருப்பவளுக்கும் களைப்பு இல்லையா? இதற்காக ஒருத்தி இரண்டு கிழமை கதவைச் சாத்துவாளா, இதற்காகப் பள்ளிவாசலில் துஆக் கேட்பார்களா? ஆகவே டீச்சர் மறைக்கிறா. மறைக்கிற வருத்தம் என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான். அதன் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், 'அந்த வருத்தம்' என்பார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் அழுதுகொண்டே வந்தார்கள். பாண், பழம், மால்ட் டின், ஓதி ஊதின தண்ணீர்ப் போத்தல், கருஞ்சீரகம் போட்ட தேன் என்று கட்டிலுக்கடியில் சாமான் குவிந்தது. கண்ணூறு பட்டிருக்கிறது என்று ஒருத்தி என் தலையைச் சுற்றி மிளகாயை எடுத்து அடுப்பில் போட்டாள். அந்தப் புகையில் நானும் வந்தவர்களும் சேர்ந்து இருமினோம். பாடசாலையிலிருந்து ஆசிரியர்கள் ஒரு வான் பிடித்து வந்து, நான் போனதிலிருந்து பரீட்சை வேலை எப்படிக் குழம்பிக் கிடக்கிறது என்பதை ஆறுதலுக்காகச் சொன்னார்கள்.

உம்மாவின் ராத்தா, என் பெரியம்மா, ஒருவர் கையைப் பிடித்து நடத்தி வர வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பொருந்திக்கங்க மகள். அறிஞ்சும் அறியாமலும் நான் ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கங்க."

எங்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போகுமுன் இப்படிப் பொருத்தம் கேட்பார்கள். சாகக் கிடந்து மௌத்துக்குக் கிட்டப் போனவரிடம் மற்றவர்கள் கேட்பார்கள். வேறு எப்போதும் கேட்பதில்லை. பெரியம்மா கேட்டதைக் கண்டு மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். மதில் கட்டியபோது என்னோடு சண்டை பிடித்து, அதற்குப் பிறகு முகம் பார்க்காத அடுத்த வளவுப் பெண் வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அவளை நான்தான் முதுகில் தடவித் தேற்ற வேண்டியிருந்தது. பொருந்தினன், பொருந்தினன், அழாதீங்க என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்தது. உயிரோடு இருக்கும்போதே என் மையித்து வீட்டுக்கு வந்தவர்களை நான் உபசரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒருத்தி மட்டும் வேறு விதமாக வந்தாள். என்னோடு முன்பு ஒரே பாடசாலையில் படிப்பித்தவள், சொறிக்கல்முனையில் இருக்கிறாள். ஒரு சட்டி தயிரோடு வந்து அறை வாசலில் நின்றாள்.

"நீ எழும்பாத. தயிரத் தந்திட்டு நான் போறன். சுகமானாப் பொறகு கதைப்பம்."

அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அவள் போனதும் அறைக்குள் இருந்தவர்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தவ ஒரு நிமிஷம் இரிக்கல்ல பாத்தியா, வருத்தக்காரர் எண்டு ஒரு இரக்கம் இல்ல என்றார்கள். அவளுக்காகப் பேச எனக்குத் தெம்பில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

யாரைக் கோபிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஒருவராவது கெட்ட எண்ணத்தோடு வந்திருந்தால் அவரைத் திட்டியாவது கொஞ்சம் தெம்பு தேடியிருப்பேன். எல்லோரும் அன்பாக வந்தார்கள். வெயிலில் நடந்து வந்தார்கள், கையில் இருந்ததைக் கொண்டு வந்தார்கள், உண்மையாகவே அழுதார்கள். அந்த அன்பு முழுவதையும் நான்தான் வாங்கி வைக்க வேண்டியிருந்தது, வைப்பதற்கு எனக்குள் ஓர் அங்குல இடமில்லை. பேசாமல் போய்விடுங்கள் என்று கத்த வாய் வரும். அதே வாயால் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்பேன்.

அந்தத் தேநீரை ஊற்றியவள் என் மகள்.

நான் அதைக் கவனிக்கவே பிந்திவிட்டது. தங்கச்சிக்கு அவளுடைய சின்னப் பிள்ளைகளின் வேலை. மகள் பாடசாலையால் வந்து உடுப்பு மாற்றாமலே குசினிக்குள் போவாள். கேத்தல் கொதிக்கும், கோப்பைகள் தட்டில் வரும், வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாக நீட்டுவாள், குடித்த கோப்பையை வாங்கிக் கழுவுவாள். அவர்கள் பேசுவதெல்லாம் அவள் தலைக்கு மேலால்தான் போகும். அந்த வருத்தமாம், ரெண்டு கிழமைதான் டொக்டர் குடுத்திருக்காவாம், ஒத்தப் பிள்ள, பாவம் என்று. டொக்டர் கொடுத்தது இரண்டு கிழமை லீவு. அது எங்கள் தெருவைச் சுற்றி வருவதற்குள் இரண்டு கிழமை ஆயுளாகிவிட்டது.

ஒரு நாள் தங்கச்சி அறைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ராத்தா, புள்ள என்னட்ட ஒண்டு கேட்டிச்சி. உம்மா மௌத்தாகிருவாவா சாச்சி எண்டு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். மகளைக் கூப்பிடச் சொன்னேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மகள். வெறும் களைப்புத்தான். கொஞ்சம் படுத்தாச் சரி."

"ஓம் உம்மா."

"உண்மையாத்தான் செல்றன்."

"ஓம் உம்மா. மூத்தப்பாக்கும் களைப்பெண்டுதான் சென்னீங்க."

என் வாப்பா நோயில் கிடந்து மௌத்தானது அதற்கு முந்திய வருடம். கடைசி வரைக்கும் பிள்ளைக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். ரிப்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினேன். பெரியவர்களைப் போல ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மடித்து உறைக்குள் வைத்து என்னிடம் தந்தாள். பிறகு வெளியே யாரோ வந்த சத்தம் கேட்டு எழுந்து போனாள்.

அன்று பின்னேரம் என் கணவர் கேட்டைச் சாத்தி, உள்ளே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார். டொக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று வந்தவர்களைத் திருப்பினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வீரம் என்று தெரியும். திரும்பிப் போனவர்களில் ஒருவர் மருதமுனையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்த அவருடைய சொந்த மாமா. நடக்க மாட்டாத மனிதர், மடியில் பாண் பையை வைத்துக்கொண்டு வந்திருந்தார். வருத்தம் பார்க்கப் போனவனைக் கேட்டோடு அனுப்பிய வீடு என்று அன்றைக்கே இரண்டு ஊரிலும் கதை பரவியது. அடுத்த நாள் முழுவதும் போன். என் கணவர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோய், வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டைத் திறந்து விடுங்கள் என்று நானே சொன்னேன். திறந்தார். மாமாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அவரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்து என் கட்டிலுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

லீவு முடிந்தது. பாடசாலைக்குப் போனேன். ஓய்வறையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். முகம் தெளிஞ்சிரிக்கி டீச்சர், நல்ல ரெஸ்ட் போல என்றார்கள். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்ததென்றால், நான் பிழைத்துக்கொண்டேன் என்று ஊருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. பிழைத்தவளை யாரும் பார்க்க வருவதில்லை. அதிபர் பரீட்சைப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார், நான் கேட்கவில்லை. டியூஷனை நிறுத்தினேன். ஞாயிறு வகுப்பையும் விட்டேன். இப்போது பின்னேரங்களில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த டொக்டர் பிள்ளை சொன்ன ஓய்வு, ஒரு வருடம் பிந்தி, ஒருவருக்கும் தெரியாமல் எனக்குக் கிடைத்திருக்கிறது.

பழையபடி ஆகிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். காலையில் எழும்பும்போது ஒரு பாரம் நெஞ்சின் மேல் கிடக்கிறது. பாடம் நடத்துகிறேன், வசனங்களை எழுதி முடிக்கிறேன், ஆனால் எனக்குப் பதிலாக வேறு யாரோ எழுதுவது போலிருக்கும். சில நாட்கள் தொழுகை விரிப்பில் சுஜூதில் தலையை வைத்தவள் எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்துவிடுகிறேன். அல்லாஹ்விடம் கேட்பதற்குக்கூட எனக்கு ஒரு சொல் வருவதில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம், அரிசி களைந்துகொண்டிருந்தேன். மகள் பாடசாலையால் வந்து, புத்தகப் பையை வைத்து, சலாம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். இப்போதெல்லாம் அப்படித்தான். தன் தட்டைத் தானே கழுவுகிறாள், என் துணியையும் சேர்த்து மடித்து வைக்கிறாள். அவளைப் போல ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்கிறது. எனக்கு அந்த நல்ல குணத்தைக் கண்டால் அவள் கோப்பை கழுவிய நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அன்றைக்கு அரிசிப் பானையில் கையை விட்டுக்கொண்டு நின்றவளுக்கு, அவளுடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. சும்மா வந்த ஆசையில்லை, பசி போல வந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! நான் கையைக்கூடத் துடைக்கவில்லை, அவள் அறை வாசலுக்குப் போனேன். அவள் அங்கே இல்லை.

மதிலுக்கு அப்பால் தங்கச்சியின் சிரிப்புக் கேட்டது. அதற்கு நடுவில் ஓர் ஆண் குரல் மூக்கால் ஏசியது. புது வான் சாரதியாக இருக்க வேண்டும், பழைய குரல் இல்லை. பிறகு ஒரு கிழவியின் குரல். பிறகு யாரோ அழும் பிள்ளை. எல்லாம் அவள்தான். முன்பைவிட எவ்வளவோ நன்றாகச் செய்தாள். இத்தனை குரல்களை இந்த ஒரு வருடத்தில் எனக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருக்கிறாள்.

சின்ன வாசலால் நான் அந்தப் பக்கம் போனேன். என்னைக் கண்டதும் பாதிக் குரலில் நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். தான் இருந்த கதிரையை என் பக்கம் தள்ளினாள்.

"என்ன உம்மா? என்னவும் செய்யுதா?"

"ஒண்டும் செய்யல்ல மகள். நீங்க செல்லுங்க, நானும் கேக்கத்தான் வந்த."

அவள் சாச்சியைப் பார்த்தாள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நான் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒண்டுமில்ல உம்மா. இண்டைக்கு வான்ல ஒரு வயசான உம்மா ஏறின. எறங்குற எடத்த மறந்துட்டாவாம். சாரதி ஏசினார். ஒரு சின்னப் புள்ள அழுதிச்சி. அவ்வளவுதான்."

தன் சொந்தக் குரலில்தான் சொன்னாள். பாடசாலையில் அறிவித்தல் வாசிப்பது போல, ஒரு மூச்சில். கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் சொன்னாள், நான் எந்த இடத்தில் களைப்பேன் என்று பார்த்துக்கொண்டு.

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். அது அவளுக்குத் தெரிய வேண்டுமென்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன்.

"மறுகா?" என்றேன்.

"முடிஞ்சி உம்மா," என்று என் கையைப் பிடித்து எழுப்பினாள். "நீங்க போய்ப் படுங்க."